தண்ணீரில் விழுந்த மொபைல் போன்: எதை முதலில் காப்பாற்ற வேண்டும்?

மொபைல் போன் தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். “அரிசி டப்பாவில் போட்டு வை. இரண்டு நாளில் சரியாகிவிடும்.” சிலருக்குச் சரியாகியும் இருக்கிறது. அதனால்தான் இந்த வைத்தியம் இன்னும் நம்மிடையே இருந்து வருகிறது. ஆனால் சரியான அந்த போன்களில் பல, சில வாரங்கள் கழித்துத் திடீரென ஒரு நாள் உயிரை விட்டுவிடுகின்றன. அப்போது யாரும் அந்தப் பழைய தண்ணீரை நினைப்பதில்லை. “போன் பழசாகிவிட்டது” என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

நான் சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறேன். இன்ஜினியரிங்கில் படித்தது எலக்ட்ரானிக்ஸ். எனவே உறவினர் வீடுகளில் எந்த போன் நனைந்தாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். அந்த அனுபவத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நனைந்த போனைக் கையாளும்போது நாம் மனதில் கொள்ள வேண்டிய வரிசை இதுதான்: முதலில் மின்சாரத்தை நிறுத்துவது, அடுத்து உள்ளே சுத்தம் செய்வது, போன் உயிர் பெற்றவுடன் தகவல்களை வெளியே எடுப்பது. உலர வைப்பது இதில் ஒரு பகுதி மட்டுமே. ஏன் என்று விளக்கமாகப் பார்க்கலாம்.

போனைக் கெடுப்பது எது?

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் நம் வீட்டுக் குழாயிலோ போர்வெல்லிலோ வருவது சுத்தமான தண்ணீர் அல்ல. அதில் பல வகை உப்புகள் கரைந்துள்ளன. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500) ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள பொருட்கள் 500 மில்லி கிராம் அளவுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 மில்லி கிராம் வரை அனுமதி உண்டு. கடல் நீரில் இது ஏறத்தாழ 35,000 மில்லி கிராம். உப்பு கூடக் கூட, தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும்.

போனுக்குள் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரி 3.7 வோல்ட் அளவில் இயங்குகிறது. முழுதாக சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல். இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் தண்ணீரை மின்சாரத்தால் பிரிப்பதற்கு 1.23 வோல்ட்டுக்குச் சற்று அதிகமாக இருந்தாலே போதும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இரண்டு கம்பிகளை உப்பு நீரில் வைத்து பேட்டரியை இணைத்தால் குமிழிகள் வருமே, அதே வேலைதான் உங்கள் போனின் சர்க்யூட் போர்டிலும் நடக்கிறது. பாசிட்டிவ் பக்கம் உள்ள செம்பு, ஈயப்பற்று போன்ற உலோகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. கரைந்த உலோகம் நெகட்டிவ் பக்கம் சென்று, மரக்கிளை போல மெல்லிய இழைகளாகப் படிகிறது. போர்டில் அருகருகே உள்ள இணைப்புகளுக்கு இடையே அரை மில்லி மீட்டர் இடைவெளி கூட இருப்பதில்லை. எனவே அந்த இழை எதிர்ப் பக்கத்தைத் தொட அதிக நேரம் ஆகாது. தொட்டால் ஷார்ட் சர்க்யூட்.

ஆக, தண்ணீர் மட்டும் இருந்தால் பாதிப்பு மெதுவாக நடக்கும். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து இருந்தால் வேகமாக நடக்கும். முதல் நிமிடத்தில் நாம் செய்ய வேண்டியது என்ன என்பது இதிலிருந்தே புரிந்திருக்கும்.

முதல் ஐந்து நிமிடங்கள்

1. போனை உடனே வெளியே எடுங்கள். சார்ஜரில் இணைந்த நிலையில் நனைந்திருந்தால், போனைத் தொடாதீர்கள். நீங்கள் ஈரத்தில் நிற்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, உலர்ந்த கையால் முதலில் சுவரில் உள்ள ஸ்விட்சை அணையுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றுங்கள்.

2. ஸ்விட்ச் ஆப் செய்திடுங்கள். “வேலை செய்கிறதா” என்று பார்க்க ஒரு அழைப்பு, ஒரு போட்டோ என எதையும் முயற்சிக்க வேண்டாம். ஏற்கெனவே அணைந்திருந்தால் ஆன் செய்து பார்க்கவே கூடாது. நனைந்த டச் ஸ்கிரீன் விரலுக்குச் சரியாகக் கட்டுப்படாது. எனவே திரையைத் துடைத்துவிட்டு முயற்சி செய்யவும். இப்போது வரும் பல போன்களில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் உதவியாளர்தான் வருகிறது. பவர் பட்டனுடன் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தினால்தான் ஸ்விட்ச் ஆப் மெனு கிடைக்கும். எந்த வால்யூம் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் போனில் எப்படி என்று இன்றே ஒரு முறை செய்து பார்த்துக் கொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

3. பின் மூடியைத் திறக்கக் கூடிய கீபேட் போன் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பாதி ஆபத்து அதோடு போய்விடும்.

4. கவரைக் கழற்றுங்கள். போனை வெளிப்புறம் முழுதும் உலர்ந்த துணியால் துடைத்த பின்னர், சிம் ட்ரேயை எடுக்கவும். இந்த வரிசை முக்கியம். வாட்டர் ரெசிஸ்டன்ட் போன்களில் சிம் ட்ரேயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஈரத்தோடு அதைத் திறந்தால், அதுவரை உள்ளே போகாத தண்ணீரை நாமே உள்ளே அனுப்பியது போலாகும்.

5. சார்ஜிங் போர்ட் கீழ் நோக்கி இருக்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். வேகமாக உதறக் கூடாது. உதறினால் ஒரு மூலையில் இருக்கும் தண்ணீர் போன் முழுக்கப் பரவும்.

6. பேட்டரி பகுதி உப்பியிருந்தால், போன் சூடேறினால், சீறும் சத்தமோ வித்தியாசமான வாசனையோ வந்தால், அதைப் பழுது பார்க்க நினைக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருட்கள் இல்லாத சிமென்ட் தரையில் வைத்துவிட்டு விலகி இருங்கள். பையிலோ பாக்கெட்டிலோ போட்டுக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம்.

செய்யக் கூடாதவை

ஹேர் டிரையரின் சூடான காற்று, அடுப்பு, ஓவன், உச்சி வெயில் ஆகிய எதுவும் வேண்டாம். பேட்டரிக்கும் திரையை ஒட்டியுள்ள பசைக்கும் சூடு ஆகாது. வாயால் ஊதுவதும், காற்றடிக்கும் டப்பாவைப் பயன்படுத்துவதும் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும். போர்ட்டுக்குள் பஞ்சு, குச்சி, டிஷ்யூ பேப்பர் எதையும் நுழைக்கக் கூடாது. பிரிட்ஜில் வைப்பதும் தவறு. வெளியே எடுத்தவுடன் காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் நீர்த்துளிகளாகப் படியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ஜரை இணைக்காதீர்கள். போன் ஆன் ஆகவில்லை என்றவுடன் “பேட்டரி இறங்கியிருக்கும்” என்று நினைத்து சார்ஜில் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. தண்ணீரில் விழுந்தும் தப்பிய போன்கள், இந்த சார்ஜரில்தான் உயிரை விடுகின்றன.

அரிசி என்ன செய்கிறது?

அரிசி ஈரத்தை இழுக்கும் என்பது முழுப் பொய் அல்ல. ஆனால் நம் வீட்டில் இருக்கும் அரிசி முற்றிலும் உலர்ந்தது அல்ல. சேமித்து வைக்கும் அரிசியில் 12 முதல் 14 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கும். சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு ஈரமோ, அதற்கேற்றபடி அரிசியும் தன்னைச் சரி செய்துகொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் இருக்கும் அரிசிக்கு மேலும் ஈரம் இழுக்க எவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேலும் போனுக்குள் தண்ணீர் தேங்கியிருப்பது வெளியே அல்ல. சிப்களுக்கு அடியிலும், அவற்றை மூடியிருக்கும் உலோகத் தகடுகளுக்குள்ளும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே இருக்கும் அரிசி அதை எட்டிப் பிடிக்க முடியாது. மாறாக, அரிசி மாவுத் தூளும் குருணையும் போர்ட்டுக்குள் சென்று அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே 2024 ஜனவரியில் தன் உதவிக் குறிப்பில், ஐபோனை அரிசிப் பையில் வைக்க வேண்டாம், சிறு துகள்கள் போனைப் பாதிக்கலாம் என்று எழுதியது.

நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு ஸ்பாஞ்ச் துண்டுகளை எடுத்து, இரண்டிலும் 10 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டையும் ஓரிரு துளைகள் போட்ட சிறிய மாத்திரை டப்பாக்களில் வைத்து, சமையலறைத் தராசில் எடை பாருங்கள். ஒரு டப்பாவை அரிசிக்குள் புதைத்து வையுங்கள். மற்றொன்றை ஓடும் மின்விசிறிக்கு நேராக மேசையில் வையுங்கள். மறுநாள் காலையில் இரண்டையும் எடை பார்த்தால் எவ்வளவு தண்ணீர் வெளியேறியுள்ளது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் வீட்டு அரிசியின் சக்தியை அதன்பின் நீங்களே முடிவு செய்யலாம்.

உலர வைக்க வேண்டும் என்றால் மின்விசிறிக் காற்றே போதும். புதிய ஷூ, பை, மருந்து பாட்டில்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நிறைய இருந்தால், காற்றுப் புகாத டப்பாவில் போனோடு சேர்த்து வைக்கலாம். ஒன்றிரண்டு பொட்டலங்களால் பயன் இல்லை.

உலர்ந்தால் மட்டும் போதாது

அரிசியோ, சிலிக்கா ஜெல்லோ, மின்விசிறியோ, எதுவாக இருந்தாலும் அவை நீக்குவது தண்ணீரை மட்டும்தான். தண்ணீரில் இருந்த உப்பு எங்கே போகும்? போர்வெல் தண்ணீர் பிடித்த எவர்சில்வர் குடத்தைக் கவிழ்க்காமல் காயவிட்டால் அடியில் வெள்ளைத் திட்டு படிகிறது அல்லவா? அதே திட்டுதான் போனின் போர்டிலும் படிகிறது. காற்றில் ஈரம் கூடும் நாட்களில் இந்த உப்பு மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மீண்டும் மின்சாரம் தவறான பாதையில் கசியும். மீண்டும் உலோகம் அரிக்கும். உலர்ந்து, ஆன் ஆகி, சில வாரங்கள் நன்றாக ஓடிய போன் பிறகு ஒரு நாள் நின்றுவிடுவதன் ரகசியம் இதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. பேட்டரியைக் கழற்ற முடியாத போன்களில் ஸ்விட்ச் ஆப் என்பது முழுமையான நிறுத்தம் அல்ல. பவர் பட்டன் எப்போது அழுத்தப்படும் என்று கவனிக்கவும், கடிகாரத்தை ஓட்டவும், சில பகுதிகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். பேட்டரி இணைப்பைச் சுற்றி ஈரம் இருந்தால் அங்கே அரிப்பு தொடர்கிறது. எனவே அரிசிக்குள் கழியும் அந்த இரண்டு நாட்கள், உண்மையில் நாம் இழக்கும் இரண்டு நாட்கள்.

சரியான வழி, தண்ணீர் உள்ளே போன போனை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திறந்து, பேட்டரி இணைப்பை எடுத்து, போர்டைச் சுத்தம் செய்வது. இதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். இன்றைய போன்கள் பசையால் ஒட்டப்பட்டவை. திறக்கும்போது திரை உடையலாம். பேட்டரியில் கூரிய பொருள் குத்தினால் தீப்பிடிக்கும். நல்ல சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள்.

சர்வீஸ் கடையில் என்ன கேட்க வேண்டும்?

போனைக் கொடுக்கும்போது எந்தத் தண்ணீரில், எப்போது விழுந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டீ, சாம்பார், சோப்பு நீர், சாக்கடை கலந்த வெள்ளம், கடல் நீர் எனில் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பின்னர் இவற்றைக் கேளுங்கள்.

பேட்டரி இணைப்பை முதலில் எடுப்பீர்களா? பரிசோதிக்கும் முன் சார்ஜரில் போட மாட்டீர்களே?

எதைக் கொண்டு சுத்தம் செய்வீர்கள்? ஐசோ புரொப்பைல் ஆல்கஹால் என்பதுதான் இதற்கான சரியான திரவம். கடைகளில் சுருக்கமாக ஐ.பி.ஏ. என்பார்கள். 99 சதவீதச் சுத்தம் உள்ளதாக இருக்க வேண்டும். அது தண்ணீரோடு முழுதாகக் கலந்து, சிப்களின் அடியில் இருக்கும் ஈரத்தை வெளியேற்றும். கொதிநிலை 82 டிகிரி செல்சியஸ் என்பதால் தண்ணீரை விட விரைவில் ஆவியாகும். மென்மையான பிரஷ் கொண்டு தேய்த்தால் அரிப்புப் படிவும் வரும். பெயின்ட் தின்னர் பயன்படுத்தினால் பிளாஸ்டிக் பாகங்கள் கெடும். கை சானிடைசரிலும் மருந்துக்கடை ஸ்பிரிட்டிலும் தண்ணீர் கலந்திருக்கும். எனவே அவையும் உதவாது.

அல்ட்ராசோனிக் கிளீனர் இருக்கிறதா? திரவத்துக்குள் நுண்ணிய அதிர்வுகளை ஏற்படுத்தி, பிரஷ் நுழையாத இடத்தையும் இது சுத்தம் செய்யும். போர்டை மட்டும்தான் இதில் போட வேண்டும். பேட்டரி, திரை, கேமரா ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

கடைசியாக, மிக முக்கியமாக ஒன்று. “என்னைக் கேட்காமல் ரீசெட் செய்ய வேண்டாம், சாப்ட்வேர் ஏற்ற வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். ரசீதிலும் எழுதி வாங்குங்கள். போன் உயிர் பெற்றும் உள்ளே இருந்த எல்லாம் அழிந்து வந்தால், அதனால் என்ன பயன்?

போனை விட பெரியது

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகள் மூழ்கின. வேளச்சேரியில் என் அத்தை வீட்டின் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பொருட்களை மாடிக்கு ஏற்றும்போது அத்தையின் போன் வெள்ளத்தில் விழுந்தது. கரண்ட் இல்லை, கடைகள் இல்லை. அத்தை பேட்டரி தீரட்டும் என்று விடாமல் உடனே ஸ்விட்ச் ஆப் செய்து, துடைத்து, ஜன்னலோரம் காற்றில் வைத்திருந்தார். வெள்ளம் வடிந்து நான் போனபோது நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அத்தை சொன்னது ஒன்றுதான். “போன் போனா போகட்டும்டா. மாமா பேசின வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கு. அதை மட்டும் எடுத்துக் கொடுத்துடு.” மாமா அதற்கு முந்தைய ஆண்டு காலமாகியிருந்தார்.

ஆன் செய்ததும் போன் வழக்கம் போல இயங்கியது. சார்ஜ் 40 சதவீதம் இருந்தது. “அப்பாடா, சரியாயிடுச்சு” என்று அத்தை யாருக்கோ போன் செய்யப் போனார். நான் தடுத்து, முதலில் நெட்வொர்க்கை அணைத்தேன். போர்ட்டில் கேபிள் செருக விருப்பமில்லை. எனவே அப்போது நியர்பை ஷேர் என்ற பெயரில் இருந்த வசதி மூலம், கேபிளும் இன்டர்நெட்டும் இல்லாமலேயே வீடியோக்களையும் போட்டோக்களையும் என் போனுக்கு மாற்றினேன். முதலில் மாமாவின் வீடியோக்கள், பிறகு மற்றவை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. அன்று இரவே கம்ப்யூட்டரில் ஒரு நகலும் பென் டிரைவில் ஒரு நகலும் வைத்தேன்.

கடைகள் திறந்ததும் சுத்தம் செய்யக் கொடுக்கச் சொன்னேன். நன்றாக ஓடும் போனை ஏன் பிரிக்க வேண்டும் என்று அத்தைக்கு மனம் வரவில்லை. பதினோராவது நாள் போன் எழவில்லை. கடையில் திறந்து காட்டினார்கள். பேட்டரி இணைப்பைச் சுற்றியும், சார்ஜிங் பகுதியிலும் பச்சை நிறத்தில் செம்பின் அரிப்பு பூத்திருந்தது. போர்டு பயனற்றுப் போயிருந்தது. அத்தை அதற்காகப் பெரிதாக வருத்தப்படவில்லை. மாமா பேசும் வீடியோ புது போனில் இருக்கிறது.

இதில் நாம் கற்க வேண்டியது, நனைந்த போன் ஆன் ஆவது குணமானதற்கு அடையாளம் அல்ல என்பதே. அது நமக்குத் தரப்படும் அவகாசம். அந்த அவகாசத்தில் முதல் வேலை தகவல்களை எடுப்பது. போன் செய்து பார்ப்பதும், பாட்டு கேட்டுப் பார்ப்பதும் பிறகு.

ஏன் இவ்வளவு அவசரம்? முன்பெல்லாம் போன் இறந்தாலும் மெமரி சிப்பை மட்டும் தனியே எடுத்து, அதில் இருப்பதைப் படிக்கும் வாய்ப்பு இருந்தது. இப்போது போனில் உள்ள தகவல்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டே பதியப்படுகின்றன. 2019ல் வந்த ஆண்ட்ராய்ட் 10 முதல், அந்தப் பதிப்புடன் வரும் புதிய போன்கள் அனைத்துக்கும் இது கட்டாயம். பூட்டைத் திறக்கும் சாவி பிராசசரோடு பிணைந்துள்ளது. எனவே சிப்பைத் தனியே எடுத்தால் கிடைப்பது அர்த்தமற்ற எழுத்துக் குவியல்தான். பிராசசரும் மெமரியும் உயிரோடு இருந்து, உங்கள் பின் நம்பரும் சரியாக இருந்தால் மட்டுமே தகவல்கள் கிடைக்கும். “டேட்டா ரெகவரி சாப்ட்வேர்” எதுவும் இறந்த போர்டிலிருந்து எடுத்துத் தராது.

தகவல்களை எடுக்க உதவும் வழிகள்

மெமரி கார்ட் இருந்தால் கவலை குறைவு. அதன் சிப் பிளாஸ்டிக்கில் முழுதும் மூடப்பட்டிருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். தங்க நிறத் தொடர்புகளைத் துடைத்து, நன்கு உலர்ந்த பின் கார்ட் ரீடரில் இட்டு காப்பி செய்திடலாம்.

திரை தெரிகிறது, டச் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், போர்ட் முழுதும் உலர்ந்த பிறகு ஓ.டி.ஜி. கேபிள் மூலம் சாதாரண யு.எஸ்.பி. மவுஸை இணைத்துப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்ட் போன்களில் திரையில் அம்புக்குறி வரும். அதைக் கொண்டே லாக்கைத் திறந்து பைல்களை அனுப்பலாம்.

போன் முற்றிலும் இறந்துவிட்டது, ஆனால் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் இணைத்திருந்தீர்கள் என்றால், உடனே அதைத் திறங்கள். முதன்மை போன் இல்லாமலும் அது 14 நாட்கள் வரை இயங்கும். தேவையான உரையாடல்களையும் படங்களையும் அதற்குள் சேமித்துக்கொள்ளுங்கள்.

சிம் கார்டைத் துடைத்து வேறு போனில் போட்டுவிடுங்கள். வங்கி ஓ.டி.பி. வருவது நிற்காது. யு.பி.ஐ. அப்ளிகேஷன்களை மட்டும் புதிய போனில் மீண்டும் பதிவு செய்திட வேண்டும். இ-சிம் வைத்திருப்பவர்களுக்கு இப்படிக் கழற்றி மாற்றும் வசதி இல்லை. அவர்கள் தங்கள் மொபைல் சேவை நிறுவனத்தைத்தான் அணுக வேண்டும்.

என் போன் ஐ.பி.68, எனக்கு என்ன கவலை?

ஐ.பி. என்பது ஐ.இ.சி. 60529 என்ற சர்வதேசத் தர வரையறை. முதல் எண் தூசுக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடங்கள் தாங்கும். 8 என்றால் அதற்கும் கடுமையான, போன் நிறுவனமே அறிவிக்கும் ஆழமும் நேரமும். 8 இருப்பதாலேயே வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று பொருள் இல்லை. அதற்கு 5, 6 என்ற எண்கள் தனி.

இந்தச் சோதனைகள் ஆய்வகத்தில், அசையாத நல்ல தண்ணீரில், புதிய போனில் நடப்பவை. கடல், நீச்சல் குளத்தின் குளோரின், சோப்பு நீர், குளியலறை நீராவி ஆகியவை இதில் அடங்காது. போன் ஒரு முறை கீழே விழுந்தாலோ, திரையை வெளியில் மாற்றினாலோ, ஒட்டியுள்ள பசையும் ரப்பரும் பழைய பலத்துடன் இருக்கும் என்று சொல்ல முடியாது. விளம்பரத்தைப் பார்த்து நீச்சல் குளத்தில் இறங்க வேண்டாம். அத்தகைய விளம்பரங்களுக்காக 2022 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங் நிறுவனத்தின் அந்நாட்டுப் பிரிவுக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. குளத்து நீரிலோ கடல் நீரிலோ மூழ்கிய போனை ஈரத்தோடு சார்ஜ் செய்தால் போர்ட் அரித்துப் போகலாம் என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஐபோன் விளம்பரங்களுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. தண்ணீரைத் தாங்கும் என்று சொல்லிவிட்டு, தண்ணீரால் கெட்டால் வாரன்டி இல்லை என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது.

ஆம், ஐ.பி.68 போனுக்கும் நீர் பாதிப்பு பொதுவாக வாரன்டியில் வராது. போனுக்குள் வெள்ளையாக ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறிவிடும். பல ஐபோன்களில் சிம் ட்ரே துளைக்குள் டார்ச் அடித்தால் இது தெரியும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது இதைத்தான். நீர் பாதிப்புக்குத் தனி இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் மட்டுமே இழப்பீடு கேட்க முடியும்.

இத்தகைய போன்களில் போர்ட் மட்டும் நனைந்து, திரையில் நீர்த்துளி அடையாளமோ எச்சரிக்கையோ வந்தால் பயப்பட வேண்டாம். கேபிளைக் கழற்றி, போர்ட் கீழ் நோக்கி இருக்கும்படி தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்கலாம். முழுதும் காய ஒரு நாள் வரை கூட ஆகலாம். எச்சரிக்கையை மீறி சார்ஜ் செய்யாதீர்கள். கடல் நீரோ டீயோ பட்டிருந்தால், ஐ.பி. தரம் உள்ள போனை மட்டும் நல்ல குழாய்த் தண்ணீரில் மென்மையாக அலசி, பிறகு உலர வைக்கலாம். ஐ.பி. தரம் இல்லாத போனில் இதைச் செய்யக் கூடாது.

இன்றே செய்ய வேண்டிய மூன்று

இவ்வளவு பாடுபட்டும் சில போன்கள் பிழைக்காது. ஆனால் கீழே உள்ளவற்றைச் செய்திருந்தால், நீங்கள் இழப்பது ஒரு பொருளை மட்டும்தான்.

முதலாவது, கான்டாக்ட்ஸ். புதிய எண்களைப் போனிலோ சிம்மிலோ சேமிக்காமல், கூகுள் அக்கவுண்டில் சேரும்படி கான்டாக்ட்ஸ் அப்ளிகேஷனின் செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, போட்டோக்களும் வாட்ஸ்அப்பும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன் ஆகியுள்ளதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று சென்று, கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப் ஆனது என்று பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடத்தில்தான் இவை அனைத்தும் அடங்க வேண்டும். இடம் நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும். பலர் இதைக் கவனிப்பதில்லை. எனவே மாதம் ஒரு முறை கேபிள் மூலம் போனைக் கம்ப்யூட்டருடன் இணைத்து, டி.சி.ஐ.எம். போல்டரை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வையுங்கள். இதற்குக் காசும் இல்லை, இன்டர்நெட்டும் தேவையில்லை.

மூன்றாவது, கூகுள் அக்கவுண்டின் பேக்கப் கோட். டூ ஸ்டெப் வெரிபிகேஷன் போட்டவர்களுக்கு, அனுமதி கேட்கும் செய்தி வருவதே இறந்துபோன போனுக்குத்தான் என்றால் என்ன செய்வது? இதற்காக கூகுள் 8 இலக்கங்கள் கொண்ட 10 கோட்களைத் தருகிறது. அக்கவுண்டின் செக்யூரிட்டி பகுதியில் எடுத்து, ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் போனை இதற்கு முதலில் எடுங்கள். நம்மை விட அவர்கள் போனில்தான், வேறு எங்கும் நகல் இல்லாத குரல்களும் முகங்களும் அதிகம் இருக்கின்றன. இந்த மூன்றையும் செய்து கொடுக்க அரை மணி நேரம் போதும். அப்படியே ஸ்விட்ச் ஆப் செய்வது எப்படி என்றும் அவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள். அரிசி, சோறு சமைக்க இருக்கட்டும்.